பத்துக் கோடியே ஒன்று

வீடு அவனுக்கு, நாய் எனக்கு என்று விவாகரத்தில் எல்லாம் பிரிந்தாயிற்று. கனடாவில் எங்கள் ஊரான சாஸ்கட்டூனின் எண் சங்கத்தை மட்டும் பிரிக்க முடியவில்லை. வியாழன்தோறும், பனித்தளத்தில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் கர்லிங் மைதானத்துக் கேன்டீனில் கூடுவோம். ஒருவர் பலகையில் ஓர் எண்ணை எழுதி, "இது உடையாது" என்பார். அதாவது, ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாது. சவாலை ஏற்றவருக்கு ஒரு வாரம் அவகாசம். கால்குலேட்டர் கூடாது. எந்த எண்ணால் வகுபடும் என்று சொல்லாவிட்டாலும், உடையும் என்று நிரூபித்தால் போதும்.

போன வாரம் என் முன்னாள் கணவன் டுவைட் 100000001 என்று எழுதினான்.

"இதை நீ உடைச்சா நான் சங்கத்தை விட்டே போறேன். முடியலன்னா நீ கிளம்பு, லோர்னா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாத்துடலாம் போய்யா" என்றேன். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த வியாழன் சாக்பீஸைக் கையில் எடுத்தேன்.

"பத்தாயிரத்தோட வர்க்கமும் ஒன்னோட வர்க்கமும் சேந்தா இந்த எண். சரியா?"

"அது பச்சப்புள்ளைக்கும் தெரியும்" என்றான் டுவைட்.

"8824, 4705. இதுங்க வர்க்கத்தையும் கூட்டிப் பாரு."

சங்கத் தலைவி மர்லீன் பலகையில் பெருக்கினாள். 77862976. 22137025. கூட்டினால் அதே 100000001! எல்லோரும் எழுந்துவிட்டார்கள். இப்படி இரண்டு விதமாக இரு வர்க்கங்களின் கூட்டலாக வரும் ஒற்றைப்படை எண் உடைந்தே தீரும். எங்கள் கூட்டத்தில் யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டாம்.

தோற்றதையே மறந்து டுவைட் பாய்ந்து வந்து சாக்பீஸைப் பிடுங்கினான்.

"பத்தாயிரத்துல 8824 போனா 1176. இந்தப் பக்கம் 4705ல ஒன்னு போனா 4704. அட, ஒன்னுக்கு நாலு மடங்கு! அப்போ ஒன்னோட வர்க்கம், நாலோட வர்க்கம், ரெண்டையும் கூட்டினா..." குரல் இறங்கியது. "பதினேழு."

வகுத்தான். 5882353. மீதி இல்லை.

"பதினேழைப் போட்டுப் பாக்கவே இல்லையா நீ?" என்றாள் மர்லீன்.

"தொண்ணூத்தேழுலேர்ந்து பத்தாயிரம் வரைக்கும் பாத்தேன். பதினேழெல்லாம் ஒரு ஆளான்னு விட்டுட்டேன்."

கேன்டீனே சிரித்தது. அவன் பார்த்திருப்பான் என்று நம்பி நானும்தான் அதை விட்டிருந்தேன். தெரியாததுபோல் சேர்ந்து சிரித்தேன். டுவைட் கோட்டை மாட்டிக்கொண்டு, காபிகூடக் குடிக்காமல் வெளியேறினான். ஆளாளுக்கு என்னைக் கட்டிப்பிடித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தேன். என் கார்க் கண்ணாடியில் படிந்திருந்த பனியில் விரலால் எழுதியிருந்தது: 588² + 2353².

உறையும் குளிரில் நின்றபடியே மனக்கணக்காகப் பெருக்கினேன். 345744. 5536609. கூட்டினால் 5882353. அவன் வகுத்து எடுத்த அதே எண்! நடுவில் பிளந்து, இரண்டு துண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் திரும்பவும் அதுவே வருகிறது.

"அடப்பாவி!" என்று கத்திவிட்டேன். சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது.

அவன் வண்டி இன்னும் கிளம்பியிருக்கவில்லை. வழுக்கி வழுக்கி ஓடிப்போய் ஜன்னலைத் தட்டினேன்.

"தோத்தவன் எதுக்குய்யா இன்னும் இங்க உக்காந்திருக்க?"

"ஹீட்டர் சூடாகட்டும்னுதான்..."

"உள்ள வா. வந்து பலகைல எழுது."

"பந்தயம்னா பந்தயம் லோர்னா."

"ஜெயிச்சது நான். நான் சொல்றேன், வா. இதை யார்கிட்ட சொல்லி நான் குதிக்கிறது? அங்க ஒருத்தருக்கும் உன்னளவு பைத்தியம் இல்ல."

அவன் எஞ்சினை நிறுத்தினான்.