நிற்காமல் மூன்று மாடி

பணிமனையில் பேருந்துகளுக்கு அடியில் படுத்தே காலம் கழித்த மெக்கானிக்குக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். அதை வெட்டி எடுக்கலாமா, கூடாதா என்று டாக்டர் அன்று சொல்ல வேண்டும். கூட வந்திருந்த மனைவிக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

டாக்டர் கோப்பைப் புரட்டினார். "எண்பது வயசு ஆயிடுச்சே ஐயா. இவ்வளவு பெரிய ஆபரேஷனை உடம்பு தாங்குமா? ரேடியேஷன் கரண்ட் வச்சு கொஞ்ச காலம் தள்ளிப் பார்க்கலாம்."

"பேப்பர்லதாங்க எண்பது. நிஜத்துல எழுபத்தாறு," என்றாள் மனைவி.

"ஏய், சும்மா இரு."

அவள் இருக்கவில்லை. "செத்துப்போன அண்ணன் சர்டிபிகேட்டைக் காட்டி, பதினாலு வயசுலயே வேலைக்குச் சேர்ந்துட்டாருங்க."

மெக்கானிக் சிரித்து மழுப்பினார். "அண்ணன் வயசுல சேர்ந்து, அண்ணன் வயசுலயே ரிட்டயரும் ஆயிட்டேன் டாக்டர். சாவாவது என் வயசுல வரட்டும்."

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் இங்க வந்த புதுசுல எழுபது தாண்டினவங்க ஒண்ணு ரெண்டு பேர்தான் வருவாங்க. இப்ப வார்டுல பாதிக்கு மேல அவங்கதான். ஜனங்க நிறைய நாள் இருக்காங்க, இந்த நோயும் கூடவே வருது. எல்லாரையும் வயசைப் பார்த்துத் திருப்பி அனுப்ப முடியுமா? மூணு மாடி, எங்கயும் நிக்காம ஏறுங்க. ஏறிட்டா ஆபரேஷன் பண்ணலாம். நர்ஸ் லிஃப்ட்ல போய் மேல நிப்பாங்க. அம்மா, நீங்க கூடப் போங்க."

முதல் மாடியைக் கைப்பிடியே தொடாமல் வீம்புக்கு ஏறினார். "பாத்தியா?" என்றார். இரண்டாவதில் பேச்சு அடங்கியது. மூன்றாவதுக்குத் திரும்பும் இடத்தில் சுவரில் கையை ஊன்றி நின்றுவிட்டார். உதடு வெளுத்திருந்தது. கை கழுவுவது எப்படி என்று அங்கே ஒட்டியிருந்த ஆறு படங்களையும் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தாள். அவருக்கு இன்னும் மூச்சு வரவில்லை.

"சொல்லிடாத," என்றார் கடைசியில். "இதை உள்ள வச்சுக்கிட்டு என்னால கிடக்க முடியாது. வெட்டித் தூரப் போடட்டும்."

"ஆபரேஷன்லயே போயிட்டீங்கன்னா?"

"போனா போறேன்."

"நீங்க போயிடுவீங்க. நான்?"

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

மேலே நர்ஸ் அவரை உட்காரவைத்து, விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினாள். "நடுவுல நின்னாராம்மா?"

"நின்னோம்," என்றாள் மனைவி. "எனக்கு முட்டி வலி. எனக்காகத்தான் நின்னார்."

நர்ஸ் கிளிப்பில் தெரிந்த எண்ணையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இது செல்லாது. பத்து நிமிஷம் உட்காரட்டும். அப்புறம் கீழ போய், அவர் மட்டும் தனியா ஏறி வரட்டும்."

"வர்றேன்மா, அதுக்கென்ன," என்று மெக்கானிக் அப்போதே எழுந்துவிட்டார். எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அவரால முடியாதுங்க," என்றாள் மனைவி. "அவர்தான் நின்னார். ரொம்ப நேரம் நின்னார்."

நர்ஸ் எழுதினாள். மெக்கானிக் கிளிப்பைத் தானே கழற்றி அவளிடம் கொடுத்தார்.

"அஞ்சு நிமிஷம்கூடத் தாங்கலையேடி உன் பொய்," என்றார்.

லிஃப்ட் வந்ததும், அவளுக்காகக் காத்திராமல் உள்ளே போனார்.