ரோசா தலை அளவு வெள்ளம்

எங்க பப்பா அந்தோணி செத்து எட்டு மாசம் ஆவுது. பொதுப்பணி ஆபீஸ்ல எஞ்சினியரு. பிரெஞ்சுக்காரன் இருந்தப்பவும் அவருதான், அம்பத்தி நாலுல அவன் போன பொறவும் அவருதான். ஆனா அந்த மனுசனை நாற்காலில பாத்தவங்க கம்மி. விடியறதுக்குள்ள கடல்ல நீந்திட்டு வந்துடுவாரு. முத்தியால்பேட்டையிலிருந்து ஊசுட்டேரிக்கு நடந்தே போய் வாத்து எண்ணுவாரு. சுடல்லாம் மாட்டாரு, எண்ணறதோட சரி. ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சா அம்மா ஆனந்தமேரி, நான், தம்பி லூயிஸ் எல்லாரையும் எங்கனா இட்டுனு போயிடுவாரு. நாங்க இல்லாம ஒரு ஞாயிறு அவருக்குக் கெடையாது.

போன வாரம் எனக்கு ஒரு சேதி வந்துச்சு. தவளக்குப்பம் தாண்டி வாய்க்கா மேல புதுப் பாலம் கட்டறாங்களாம், தரையிலேருந்து ஒரு மீட்டர் பத்து ஒசரத்துல. அம்பத்தஞ்சு வெள்ளத்துல அங்க தண்ணி அதுக்கும் மேல நின்னுச்சு. பாலம் முழுவிச்சுன்னா அந்தப் பக்கத்து சனம் ஆஸ்பத்திரிக்கு எப்புடி வரும்? பப்பா பாத்தது எண்ணுனது எல்லாத்தையும் எழுதி வெச்ச நோட்டைத் தூக்கிக்கினு நேரா ஆபீஸுக்குப் போயிட்டேன்.

பப்பா எடத்துக்கு வந்திருக்கற எஞ்சினியரு இராமதாஸ், கடலூர்க்காரரு. நல்லவருதான், நோட்டைப் பாத்துதான் முழிச்சாரு.

"ஏம்மா, இதுல வாத்து இருக்கு. உன் தம்பி சட்டை அளவு இருக்கு. உங்கம்மாவுக்குத் தலைவலின்னு இருக்கு. வெள்ளம் எங்க?"

"வாத்துக்குக் கீழ பாருங்க சார்."

படிச்சாரு. "'வாய்க்காங்கரை பனைமரத்துல சேத்துக் கோடு, ரோசா தலை.' ரோசான்னா இன்னா, எதுனா ஊரா?"

"நான்தான் சார்."

என்னை மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. "இவ்ளோ ஒசரமா?"

"அப்ப எனக்குப் பன்னண்டு வயசு சார். தண்ணி வடிஞ்ச பொறவு மரத்தோட சேத்து நிக்க வெச்சாரு. கோடும் தலையும் சரியா இருந்துச்சு."

"உங்கப்பா ஒரு டேப் புடிச்சிருக்கக் கூடாதா?"

"அன்னிக்கு ஞாயித்துக்கெழமை. சொந்த வேலையா சுத்தப் போறப்ப சர்க்கார் டேப்பைத் தொட மாட்டாரு. புள்ளைங்கதான் அளவுகோலு."

அவரு தலையில கை வெச்சுக்கினாரு. "ஆபீஸ் பைல்ல அந்த எடத்துக்கு வெள்ள அளவே இல்ல. இதை வெச்சு நான் இன்னாம்மா எழுதறது?"

"எங்க வீட்டுக்கு வாங்க சார். பொறந்தநாளுக்குப் பொறந்தநாள் எங்களைக் கதவு நெலையில நிக்க வெச்சு கோடு போடுவாரு. வெள்ளம் வந்தது என் பொறந்தநாளுக்கு நாலு நாள் பொறவு."

மறுநாள் சாயங்காலம் டேப்போட வந்தாரு. அம்மா காப்பி குடுத்தாங்க. 'ரோசா 55' கோட்டை அளந்தாரு. ஒரு மீட்டர் நாப்பது.

"சரிதாம்மா நீ சொன்னது. பாலத்தை ஒசத்தித்தான் ஆவணும்"னு பேனாவை எடுத்தாரு.

நான் அதோட வாயை மூடிக்கினு இருந்திருக்கலாம். முடியல. அந்தக் கோடு பொய்யி. சொன்னா நோட்டை மூடிட்டுப் போயிடுவாரு, பாலம் தாழ்வாவே வந்துடும். சொல்லலன்னா பப்பா பேருல ஒரு தப்புக் கணக்கு. அளவுல பொய் சொன்னா அந்த மனுசனுக்குப் புடிக்கவே புடிக்காது.

"சார், மரத்துக்கிட்ட ஒழுங்காத்தான் நின்னேன். இந்த நெலையில, பொறந்தநாளன்னிக்கு, பாவாடைக்குள்ள குதிகாலைத் தூக்கிக்கினு நின்னேன். எதுத்த வூட்டுப் பொண்ணை விட ஒசரம்னு காட்டிக்க."

அம்மா காப்பி டம்ளரை டப்னு வெச்சாங்க. "அடிப்பாவி. ஏழு வருசமா அந்தப் பொண்ணைக் குள்ளச்சி குள்ளச்சின்னு சொல்லிக்கினு இருந்தியேடி."

இராமதாஸ் பேனாவை மூடிட்டாரு. "எவ்ளோ தூக்கின?"

"தெரியல சார்."

"அப்ப நான் எதைம்மா எழுதுவேன்? மேல இருக்கறவங்க சிரிப்பாங்க."

அதுக்குள்ள லூயிஸ் நோட்டைப் பொரட்டிக்கினு இருந்தான். வெள்ளத்துக்கு முந்தின பக்கம் வந்ததும் நின்னான். "அக்கா, இங்க பாரு."

பப்பா கையெழுத்துதான். 'ரோசா 1.40. குதிகால் தூக்கியிருக்கா. நாலு சென்டி கழிக்கணும். கேட்டா அழுவா, கேக்க வேணாம்.'

அம்மா முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்கினாங்க. இராமதாஸ் அந்த வரியை ரெண்டு தடவை படிச்சாரு. பொறவு பேனாவைத் தொறந்து ஒண்ணு முப்பத்தாறுன்னு எழுதினாரு.

"புள்ளைய நிக்க வெச்சு அளந்தாலும் மனுசன் சரியாத்தான் அளந்திருக்காரு. பாலம் இதுக்கு மேலதான்"னாரு.

நேத்து அவரோட வாய்க்காங்கரைக்குப் போனோம். சேத்துக் கோடெல்லாம் எப்பவோ போயிடுச்சு, பனைமரம் அப்புடியே நிக்குது. ஒண்ணு முப்பத்தாறுல சேப்பு பெயிண்டு அடிக்கச் சொன்னாரு. அதுக்கு மேல இன்னொரு முழம் தள்ளி ஒரு கோடு, அதுதான் பாலத்தோட அடிப்பக்கமாம். லூயிஸ் கீழ்க் கோட்டுக்கிட்ட போய் நின்னு பாத்தான்.

"ஏன்க்கா, நெசமாவே இவ்ளோ குள்ளமாவா இருந்த?"

பெயிண்டு காயலைன்னு சொல்லி அவனைத் தள்ளி நிக்க வெச்சேன்.