‘கட்’ சொன்ன பிறகு வந்த சிரிப்பு

எடிட்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் வெட்டி ஒட்டிய குறும்படம் இன்றைக்கு முதல் தடவையாக அரங்கம் நிறைய ஆட்கள் முன்னால் ஓடப்போகிறது. காலையிலிருந்து ஒரே பாட்டு, ஓயாத பேச்சு, உடைக்கு மேல் உடை மாற்றம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அண்ணன் மெல்லக் கேட்டான்.

“ராத்திரி தூங்கினியா?”

அவளுக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. சில வருஷங்களுக்கு முன்னால் மனம் கட்டுக்கடங்காமல் பொங்கி, தூக்கமே இல்லாமல் திரிந்தவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் அண்ணன்தான். இப்போது மாத்திரை போடுகிறாள், வேலைக்குப் போகிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் கொஞ்சம் பலமாகச் சிரித்தால் போதும், இந்தக் கேள்வி வந்து நிற்கும். அழுதால் சும்மா இருக்கிற வீடு, சிரித்தால் பதறுகிறது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

“தூங்கினேன்ண்ணா. குறட்டைகூட விட்டேன்.”

படமும் அதே நோயைப் பற்றியதுதான். டைரக்டர் நல்ல பையன். ஆனால் மனநோய் என்றால் கேமராவை ஆட்டவேண்டும், சிவப்பு விளக்குப் போடவேண்டும், கண்ணாடியை உடைக்கவேண்டும் என்று யாரோ அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள் போல.

“எனக்கு எதுவும் ஆடலை. ஆடியிருந்தா எதையாவது பிடிச்சுட்டு நின்னிருப்பேனே. எல்லாம் பளிச்சுனு தெரிஞ்சுது, அதுதான் ஆபத்து,” என்றாள் அவள், எடிட்டிங் அறையில். அவன் தலையைச் சொறிந்தான்.

கழித்துப்போட்ட காட்சிகளைத் துழாவும்போதுதான் அது அகப்பட்டது. ‘கட்’ சொன்ன பிறகும் கேமரா ஓடியிருக்கிறது. நடிகை எதையோ நினைத்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். அம்மாவாகவும் அண்ணனாகவும் நடித்தவர்கள் சட்டென்று திரும்பிப் பார்க்கிறார்கள். பாவம், என்ன ஜோக் என்று தெரிந்துகொள்ளத்தான் திரும்பினார்கள். ஆனால் நோயாளி குணமாகி வீடு திரும்பும் காட்சிக்குப் பின்னால் அதை ஒட்டியதும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் வீடே அதில் இருந்தது. டைரக்டரோடு மல்லுக்கட்டி, உடைந்த கண்ணாடிகளையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, படத்தை அங்கேயே முடித்தாள்.

அரங்கில் விளக்கு அணைந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை, பக்கத்தில் அண்ணன் முகத்தையே பார்த்தாள். அந்தச் சிரிப்பு வந்தது. தலைகள் திரும்பின. படம் முடிந்து கைதட்டல் காதைப் பிளந்தது. அண்ணன் மட்டும் கைதட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான்தான் ராத்திரி தூங்கலை,” என்றான் கடைசியில். “உன் படம்னு ஒரே படபடப்பு. நீ குறட்டை விட்டது எனக்கே கேட்டுச்சு.”

“அப்புறம் எதுக்குண்ணா காலையில கேட்டே?”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“கேளுண்ணா, வேண்டாங்கலை. நான் சிரிக்கிறப்ப மட்டும் கேட்காதே,” என்றவளுக்குக் குறட்டை நினைவு வந்துவிட்டது. அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தாள். முன்வரிசையில் சிலர் திரும்பினார்கள். அண்ணனும் சட்டென்று திரும்பினான். வாயைத் திறந்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன ஜோக்குன்னு சொல்லு,” என்றான். “நானும் சிரிக்கிறேன்.”