கூண்டேறும் கட்லா

எழுபத்தாறாம் ஆண்டு ஆடி மாதத்திலிருந்து குரும்பகரத்து ஜெயமேரியின் குளத்துக் கட்லா மீன்கள் பொழுது சாய்ந்ததும் தண்ணீரைவிட்டு வெளியேறி, மூங்கில் ஏணியில் ஏறி, கோழிகளோடு கோழிகளாகக் கூண்டில் அடைந்தன. விடிந்ததும் இறங்கின. சில, படி தவறி விழுந்தன. “கழுத்தில்லாத சென்மங்களுக்கு இந்த ஆசை வேற” என்று ஜெயமேரி அவற்றைக் காலால் ஓரம் தள்ளினாள்.

உள்ளபடி அது குளமே அல்ல, செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளம். அப்பா இறந்ததும் அண்ணன் சூசைமுத்து நஞ்சை முழுவதையும் வைத்துக்கொண்டு, புருஷனை இழந்து வந்த தங்கைக்கு அந்தப் பள்ளத்தைப் பங்கு என்று காட்டினான். அவள் மழைத்தண்ணீரைத் தேக்கி மீன்குஞ்சு விட்டாள். தண்ணீருக்குள் பனங்கால் நட்டு, மேலே கோழிக்கூண்டு கட்டினாள். அடித்தளம் மூங்கில் பிளாச்சு. எச்சம் இடுக்கு வழியே நீரில் விழுந்தது. பாசியும் பூச்சியும் பெருகின. மீன் புண்ணாக்கு இல்லாமலே கொழுத்தது.

சூசைமுத்து கரையில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டான். “கோழிப் பீ தின்ன மீன மனுஷன் திம்பானா?”

“உங்க வயல்ல எருவுக்கு ஆட்டுக்கெடை போடுறீங்களேண்ணே, அந்தச் சோத்த யாரு தின்றா?”

ஊரும் அண்ணன் பக்கம்தான். கடல்மீன் தின்று வளர்ந்த நாக்கு என்று பெருமை பேசியவர்கள் ‘பீ மீன்’ என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர்களே கொல்லைப்புறமாகக் கூடை அனுப்பி வாங்கினார்கள். தவக்காலம் வந்தபோது, கூண்டில் அடைகிற மீன் கறிக்கணக்கில் சேருமா, கறி விலக்கும் வெள்ளிக்கிழமை தின்னலாமா என்று பங்குச் சாமியாரிடம் போய் நின்றார்கள். அவர், “கோயிலுக்குள்ள வந்து உக்காந்துட்டா நீங்கள்லாம் பரிசுத்தவான் ஆயிடுறீங்களா? மீன் மீன்தான், போங்க” என்று விரட்டினார். அந்த ஊரில் ஜெயமேரிக்குப் பிடித்த ஒரே பேச்சு அதுதான்.

அவளுடைய விற்பனையைப் பார்த்துச் சூசைமுத்துவும் சாலைக்கு அந்தப் பக்கம் தன் வயலில் ஒரு குளம் வெட்டினான். கோழி வைப்பது கௌரவக் குறைச்சல் என்று புண்ணாக்காக வாங்கிக் கொட்டினான். எழுபத்தேழு ஐப்பசிப் புயலில் வாய்க்காலும் வயலும் ஒன்றாகி, அவன் மீனெல்லாம் அரசலாற்றோடு கடலுக்குப் போயின. ஜெயமேரி தன் கூண்டுக்குள் ஏறிப் பனங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கூரை பறந்தது. கோழியும் மீனும் அவளும் ஒரே கம்பில் வரிசையாக நனைந்துகொண்டிருந்தார்கள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் ‘பள்ளத்துலயே செத்தா’ என்று சொல்ல அண்ணனுக்கு இடம் கொடுக்கக்கூடாது என்கிற வீம்பு பயத்தைவிடக் கெட்டியாக இருந்தது.

தண்ணீர் வடிந்தபோது அவள் மீன் ஒன்றுகூடக் குறையவில்லை. சூசைமுத்துவின் வீட்டுச் சுவர் விழுந்து, பத்தாயத்து நெல் முளைவிட்டிருந்தது. பிள்ளைகளோடு வந்து கரையில் நின்றான். அவள் குழம்பு வைத்துப் போட்டாள். தலைத்துண்டைக் கேட்டு வாங்கித் தின்றான்.

“மனுஷன் திம்பான் போலருக்கே” என்றாள்.

அவன் நிமிரவில்லை. இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். கொட்டாவிதான் வந்தது.

பிறகு அவன் குஞ்சு கேட்டான். பிச்சை போடுகிறவளைப் போல் ஒரு குடம் கொடுத்தாள். அவை அவன் குளத்தில் வளர்ந்து, பொழுது சாய்ந்ததும் கரையேறி, சாலையைக் கடந்து, ஜெயமேரியின் கூண்டுக்கே வந்து அடைந்தன. வேலி போட்டான், தாண்டின. கௌரவத்தை விட்டுத் தன் குளத்திலும் கூண்டு கட்டினான், சிமெண்டில், மின்விளக்கோடு. ஒரு மீன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில், வழியில் நாய் கவ்விவிடாமலிருக்கக் குச்சி எடுத்துக்கொண்டு அவனே மாலைதோறும் ஓட்டிவந்தான். அவள் கூண்டை நீட்டிக் கட்டினாள். “உள்ள வாங்க” என்று மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை.

எண்பத்துமூன்றில் அந்தச் சாலைக்குத் தார் போட்டுப் பஸ் விட்டார்கள். காரைக்காலிலிருந்து வரும் சாயங்கால வண்டி அங்கே நிற்கும். “மீன் போவுது, செத்த பொறுங்க” என்பார் கண்டக்டர். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைப்பார். கடைசி மீனுக்குப் பின்னால் சூசைமுத்து குனிந்தபடி சாலையைக் கடப்பான். வண்டிக்குள் இருப்பவர்கள் வெங்காய விலை பேசிக்கொண்டிருப்பார்கள்.