கிளென்னா பார்க்காத அடி

டொராண்டோ பேஸ்பால் அரங்கில் கிளென்னாவுக்குக் காவல் வேலை. 1993 இறுதிப் போட்டியன்று மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்தபடியே நின்றாள். கோப்பையைத் தந்த கடைசி அடியை அவள் பார்க்கவே இல்லை. ரசிகர்கள் துள்ளியதைத்தான் பார்த்தாள். அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு மதியம், கணவன் லோர்ன் ஆட்டத்தின் வீடியோ கேசட்டை வாங்கி வந்தான்.

கடைசிச் சுற்று வந்ததும் அவள் நகத்தைக் கடித்தாள்.

"நாமதான் ஜெயிச்சோம்னு ஊருக்கே தெரியும். அப்புறம் என்ன பயம்?" என்று லோர்ன் சிரித்தான்.

"சும்மா இருடா! இன்னும் ஒரு ரன் பின்னாடி இருக்கோம்."

பந்து வந்தது, மட்டை சுழன்றது. கிளென்னா சோபாமேல் ஏறி நின்றாள். பந்து இடப்பக்கச் சுவரைத் தாண்டியதும் அவள் போட்ட கூச்சலில் லோர்ன் கையிலிருந்த சிப்ஸ் கிண்ணம் கவிழ்ந்தது.

"போயிடுச்சு! இவ்வளவு தாழ்வாவா போச்சு? வானத்துக்கே பறந்துச்சுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

"திரும்பப் போடவா?"

"இதையெல்லாமா கேப்பாங்க?" கண்ணைத் துடைத்துக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "போடு. இந்தத் தடவை வாயைத் தொறக்காத."