ரேடியோவில் இருந்த புருஷன்

செத்துப்போன பெண்டாட்டி நஞ்சம்மாவின் கால் கட்டைவிரல்களைத் திம்மப்பன் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, சூளகிரி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஏழெட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். யாரும் சொந்தமில்லை. மாம்பழக்கூழ் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் என்று பக்கத்து வீட்டுச் சாந்தம்மா சொன்னாள். திம்மப்பனுக்குச் சந்தேகம்தான். சொந்தமில்லாதவர்களுக்குச் சாவு வீட்டில் என்ன வேலை?

நஞ்சம்மா ரேடியோவுக்கு நாடகம் எழுதினாள். அதுவரை ரேடியோவில் எல்லோரும் ராஜா மாதிரிதான் பேசினார்கள். ஓசூர் சந்தைப் பேச்சை, நடுவில் கன்னடமும் தெலுங்கும் விழுகிறபடியே, முதலில் பேசவைத்தது அவள். இதெல்லாம் ஊர் சொல்லித்தான் தெரியும். திம்மப்பன் கேட்டது முதல் நாடகம் ஒன்றுதான். அதில் ஆஞ்சப்பன் என்றொரு புருஷன், களியில் கட்டி இருக்கிறதென்று தட்டைத் தள்ளினான். முந்தின வாரம் வீட்டில் திம்மப்பன் தள்ளிய அதே தட்டு. திட்டினதில் ஒரு வார்த்தை மாறவில்லை. மறுநாள் ஜூஜுவாடி டீக்கடையில், "வாங்க ஆஞ்சப்பா" என்றார்கள்.

அன்றே ரேடியோவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதற்கப்புறம் அவளிடம் சோறு, தண்ணி என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஆஞ்சப்பன் கதை வாராவாரம் தொடர்ந்தது; தான் எழுதியதை அவள் சாந்தம்மா வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டு வருவாள். இன்னும் என்னென்ன சொல்லி மானத்தை வாங்கினாளோ என்று பத்து வருஷம் மனசுக்குள் புழுங்கினார். யாரிடமும் கேட்கவில்லை.

வந்தவர்களில் நாராயணம்மா என்பவள், நஞ்சம்மா அக்கா தங்கள் பேச்சைக் கேட்கவே கம்பெனி வாசலில் வந்து உட்காருவார் என்று சொல்லி அழுதாள். திம்மப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்த ஆஞ்சப்பன் கடைசியில என்ன ஆனான்?"

"ஒண்ணும் ஆவலண்ணா. இருக்கறான். லாரில உட்டு சாவடிச்சிருங்கக்கான்னு நாங்க எத்தனையோ தபா சொன்னோம். அக்கா கேக்கல. அவன் செத்துப் பூட்டா அவன் பொண்டாட்டி வீட்ல யார்கிட்டப் பேசுவா அப்டின்னாங்க."

சாந்தம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

வாய்க்கரிசி போட மகன் ராஜப்பன் கூப்பிட்டான். திம்மப்பன் எழுந்திருக்கவில்லை.

"பொண்டாட்டிகிட்ட அவன் என்ன பேசுவான்? சொல்லும்மா."

நாராயணம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைக் கட்டையாக்கி ஆஞ்சப்பனாகப் பேச ஆரம்பித்தாள். இன்னொருத்தி பெண்டாட்டியாகப் பதில் சொன்னாள். நின்றுகொண்டிருந்தவர்களும் கிட்டே வந்தார்கள். திம்மப்பன் நஞ்சம்மா பக்கமாக ஒட்டி நகர்ந்து, அவர்கள் உட்காரப் பாயில் இடம் விட்டார்.