சர்வருக்குப் பதினைந்து நாள் கெடு

"நாற்பத்தொன்பதாயிரத்துக்கு ஒரு டிபன் பாக்ஸா, வஹீதா?" என்று என் அண்ணன் நயீம் அகமது கேட்டார். கேட்டது எங்கள் யூனிட்டில் தைக்கிற பதினாலு பெண்கள் முன்னால். அவர்களும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

ஆம்பூரில் வீட்டுக் கீழ்த்தளத்திலேயே ஷூவின் மேல்பாகம் மட்டும் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. தோலும் பணமும் அண்ணன் பொறுப்பு. கம்ப்யூட்டரும் பேட்டர்ன்களும், அதாவது தோலை எந்த அளவில் வெட்டுவது என்ற வரைபடங்களும், என் பொறுப்பு. ஒன்பது வருடத்துப் பேட்டர்ன்கள் ஒரே கம்ப்யூட்டரில் கிடந்தன. வியாழன்தோறும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வேன். அந்தப் பையை பஸ்ஸில் மறந்து வைத்தால் எல்லாம் போச்சு. அதனால்தான் வேலூருக்குப் போய், டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும் இந்தக் குட்டி சர்வரை வாங்கி வந்தேன்.

அதன் குறைகளையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டி முப்பத்தொரு ஆயிரம். திறந்து பார்த்தால் உள்ளே டிஸ்க் இல்லை; அதற்குத் தனியாகப் பதினெட்டாயிரம். இதை அட்டைப்பெட்டியில் கம்பெனிக்காரன் எறும்பு எழுத்தில் போட்டிருந்தான். ஃபேன் சத்தம் வேறு. கல்யாண போட்டோக்களை வைக்க மட்டும் யாராவது வாங்கப் போனால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் ஒரு நல்ல குணம் உண்டு. மணிக்கு ஒருமுறை கம்ப்யூட்டரில் உள்ளதை அப்படியே நகல் எடுத்துக்கொள்ளும்; முந்தின நகலையும் அழிக்காது. யார் என்ன மாற்றினாலும் பழையது பத்திரமாக இருக்கும். இதை அண்ணனுக்கு மூன்று தடவை விளக்கினேன். மூன்று தடவையும் கொட்டாவி விட்டார்.

"பதினஞ்சு நாளுக்குள்ள குடுத்தா கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவான் இல்ல?" என்றார். "அதுக்குள்ள இது ஒரு தடவையாவது சோறு போட்டுச்சுன்னு காட்டு. இல்லன்னா பெட்டி வேலூருக்குப் போவும். அப்புறம் யூனிட்டுக்கு ஒரு ஸ்க்ரூ வாங்கறதுன்னாலும் என்னைக் கேட்டுட்டுதான் வாங்கணும்."

சரி என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

பதினாலு நாள் ஒன்றுமே நடக்கவில்லை. பெட்டி நீல விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. ஏதாவது கெட்டுத் தொலையாதா என்று நானே ஏங்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

பதினைந்தாம் நாள் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை லீவு முடிந்து யூனிட்டைத் திறந்ததும் அண்ணன் சர்வரின் வயரைப் பிடுங்கி, டிஸ்கோடு அட்டைப்பெட்டியில் வைத்து, டேப் ஒட்டினார். "மத்தியானம் தொழுதுட்டுக் கிளம்பறேன்," என்றார்.

பத்து மணிக்குச் சென்னை ஏஜெண்ட் போன் செய்தார். ஆறு மாதம் முன்பு செய்து கொடுத்த நானூற்றுப் பதினேழாம் நம்பர் ஷூவின் மேல்பாகம் மறுபடி வேண்டுமாம். அதே மாட்டுத்தோலில், இரண்டாயிரத்து நானூறு ஜோடி. நாலு மணிக்கு நேரில் வருகிறார். மாதிரி ஜோடி சரியாக இருந்தால் ஆர்டர் எங்களுக்கு, இல்லாவிட்டால் வாணியம்பாடிக்காரருக்கு.

பேட்டர்ன் மாஸ்டர் பச்சையப்பன் வெட்டிக் கொடுக்க, பெண்கள் தைத்தார்கள். தைத்ததைக் கால் அச்சின் மேல் மாட்டி இழுத்தால் அடிப்பக்கம் வந்து சேரவில்லை. நகத்தளவு குறைந்தது. இன்னொரு ஜோடி தைத்தோம். அதுவும் அப்படியே.

"இன்னா மாஸ்டர் இது? போன தடவை கரெக்டா உக்காந்துச்சே!" என்றார் அண்ணன்.

மாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. "பாய், போன வாரம் ஆட்டுத்தோல்ல ஒரு சாம்பிள் கேட்டாங்க இல்ல? ஆட்டுத்தோல் ஜாஸ்தி இழுக்கும். அதுக்காக இதோட அளவைக் கொஞ்சம் கம்மி பண்ணேன்."

"பண்ணி?"

"அதே பேர்லயே சேவ் பண்ணிட்டேன்."

அவரைத் திட்ட மனசு வரவில்லை. முப்பது வருடம் அட்டையில் பேட்டர்ன் போட்டவர். அளவு மாறினால் அதே அட்டையைக் கத்தியால் சீவி அதே ஆணியில் மாட்டுவார். கம்ப்யூட்டரிலும் அதையேதான் செய்திருக்கிறார். பென் டிரைவைப் போட்டுப் பார்த்தோம். முந்தாநாள் வியாழக்கிழமை பழையதன் மேலேயே எடுத்த நகல்; அதிலும் சீவின அளவுதான் ஏறியிருந்தது.

"புதுசா போட எவ்ளோ நேரம் ஆவும்?"

"சரிபார்த்துப் போட ரெண்டு நாளாவது ஆவும், பாய்."

மணி பன்னிரண்டு. அண்ணன் டேப் ஒட்டின பெட்டி மேல் முழங்கையை ஊன்றி, தலையைப் பிடித்துக்கொண்டார்.

"பாய்ஜான், கையை எடுங்க," என்றேன்.

தோல் வெட்டுகிற கத்தியாலேயே டேப்பைக் கிழித்தேன். வயர்களை மாட்டினேன். பெட்டி உயிர் பெற மூன்று நிமிடம் எடுத்தது. இத்தனை நாள் எரிச்சல் மூட்டிய அந்த ஃபேன் சத்தம் அன்றைக்குக் காதில் தேனாகப் பாய்ந்தது. நானூற்றுப் பதினேழைத் தேடினேன். தேதியும் நேரமும் போட்டு நகல்கள் வரிசையாக நின்றன. மாஸ்டர் சீவியது போன வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல். இரண்டு மணி நகலைத் திறந்தேன். மாட்டுத்தோல் அளவு, ஒரு மயிரிழைகூடக் குறையாமல் இருந்தது.

"இதான்! இதேதான், மேடம்!" என்று மாஸ்டர் கத்தினார்.

அண்ணன் தொழுதுவிட்டு வருவதற்குள் புது ஜோடியை வெட்டித் தைத்துவிட்டோம். அவர் கண் முன்னாலேயே அச்சில் மாட்டி இழுத்தோம். கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. முதல் நாள் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்த கோவிந்தம்மாள்தான் முதலில் கை தட்டினாள். எனக்குச் சந்தோஷத்தில் தரையில் கால் பாவவில்லை.

நாலு மணிக்கு ஏஜெண்ட் வந்தார். மாதிரி ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அளந்தார், ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அண்ணன் மேஜைக்கு வந்து நீல விளக்கைப் பார்த்தார். பிறகு கிழிந்த அட்டைப்பெட்டியை எடுத்துத் தட்டிப் பார்த்து, "மாஸ்டர், அட்டை நல்லா கெட்டியா இருக்கு. உங்களுக்கு ஆணியில மாட்ட ஒரு பேட்டர்ன் வெட்டித் தர்றேன்," என்றார்.

நான் பதறிப்போய், "பாய்ஜான், அந்த அட்டைப்பெட்டி இல்லன்னா கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான்!" என்றேன்.

"தெரியும்," என்று சொல்லிவிட்டு அண்ணன் மாஸ்டரிடம் கத்தியை வாங்கி, பெட்டியை நட்டநடுவில் வெட்டினார்.